வெப்சைட் ஹெடர்: எளியது போதுமா, நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்வது வேணுமா?

கடைக்கு, சுயஉதவிக் குழுவுக்கு, குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு என்று சொந்தமாக ஒரு வெப்சைட் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் இப்போது நிறைய பேர். கட்டணம் இல்லாமலும், குறைந்த செலவிலும் நாமே கட்டிக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. வேலையில் உட்கார்ந்ததும் வருகிற முதல் கேள்வி, "மேலே ஹெடரை எப்படி வைக்கலாம்?" என்பதுதான். சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் அதில் தப்பு செய்தால் என்ன ஆகும் என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும்.

உடன்குடி பக்கம் இருக்கும் என் சித்தி, பதினோரு பெண்களோடு சேர்ந்து ஒரு குழுவாகக் கருப்பட்டி, சுக்குக் கருப்பட்டி, அதிரசம் செய்து விற்கிறார். இதழியல் படித்த பையன், கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்ற நம்பிக்கையில் வெப்சைட் கட்டும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். இரண்டு ராத்திரி உட்கார்ந்து கட்டினேன். மேலே மூன்று பெரிய பனைமரப் படங்கள் மாறி மாறி ஓடும். குழுவின் பெயர் படத்துக்குள்ளேயே அலங்கார எழுத்தில் இருக்கும். மெனு முழுக்க மூன்று கோடு போட்ட பட்டனுக்குள். லேப்டாப்பில் பார்த்தால் பிரமாதம்.

தீபாவளிக்கு முந்தின மாதம் சித்தியிடமிருந்து போன் வந்தது. "ஏய்யா, மெட்ராஸ்ல ஒரு கல்யாண வீட்டுக்காரங்க முப்பது கிலோ கருப்பட்டி கேட்கணும்னு நம்ம வெப்சைட்டுக்குப் போயிருக்காங்க. நம்பர் எங்க இருக்குன்னே தெரியலையாம். வேற எடத்துல வாங்கிட்டாங்களாம். நம்பர் போட்டேன்னு சொன்னியே?"

நம்பர் போட்டிருந்தேன். மூன்று கோடு பட்டனை அழுத்தி, கடைசி வரிக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பக்கம் திறந்தால் இருக்கும். அதுவரை பொறுமையாகத் தேட அவர்களுக்கு என்ன அவசியம்?

அந்த முப்பது கிலோ எனக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் இந்தக் கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன்.

ஹெடர் என்றால் என்ன?

ஒரு வெப்சைட்டின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மேலே மாறாமல் வரும் பட்டைதான் ஹெடர். தமிழில் தலைப்பட்டை என்று சொல்லலாம். கடைவாசலில் தொங்கும் பெயர்ப் பலகையும், உள்ளே "பில் இங்கே", "குடோன் அந்தப் பக்கம்" என்று கை காட்டும் பலகையும் சேர்ந்தது மாதிரி. பொதுவாக அதில் இருப்பவை:

• பெயர் அல்லது லோகோ
• மெனு (முகப்பு, பொருட்கள், தொடர்புக்கு போன்றவை)
• முக்கியமான ஒரு பட்டன் (போன் செய்ய, விண்ணப்பிக்க, வாங்க)
• தேவைப்பட்டால் தேடல் பெட்டி, மொழி மாற்றும் வசதி, லாகின்

வருபவர் ஹெடரைப் பார்த்து மூன்று விஷயம் தெரிந்துகொள்ளணும்: இது யாருடைய தளம், இங்கே என்ன கிடைக்கும், அடுத்து நான் எதை அழுத்தணும். இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் அது நல்ல ஹெடர்.

எளிய ஹெடர்

தீம் அல்லது தளம் கட்டும் சேவை ஏற்கெனவே வடிவமைத்துக் கொடுப்பது எளிய ஹெடர். நாம் பெயரை எழுதி, லோகோவை ஏற்றி, நிறத்தைத் தேர்வு செய்தால் போதும். எது எந்தப் பக்கம் வரணும், போனில் எப்படிச் சுருங்கணும் என்பதையெல்லாம் அதைச் செய்தவர்களே முடிவு செய்து வைத்திருப்பார்கள்.

நல்ல உதாரணம் கூகுள் சைட்ஸ். ஜிமெயில் கணக்கு இருந்தால் கட்டணமின்றி இதில் தளம் கட்டலாம். இதில் ஹெடருக்கு நான்கே வகைதான்: திரை முழுக்கப் படம் வரும் 'கவர்', அதைவிடக் குறைந்த உயரத்தில் 'லார்ஜ் பேனர்', இன்னும் சின்னதாக 'பேனர்', படமே இல்லாமல் தலைப்பு மட்டும் வரும் 'டைட்டில் ஒன்லி'. மெனுவை மேலே வைக்கலாம், இல்லையென்றால் பக்கவாட்டில் வைக்கலாம். இதற்கு மேல் பெரிதாக மாற்ற முடியாது. அது ஒரு குறை மாதிரி தோன்றும். ஆனால் புதிதாகக் கட்டுபவருக்கு அதுவே பாதுகாப்பு. கெடுப்பதற்கு அதிக வழி இல்லை!

வேர்ட்பிரஸ்ஸின் பழைய பாணி தீம்களிலும் இதே மாதிரிதான். அப்பியரன்ஸ், அதில் கஸ்டமைஸ், அதில் சைட் ஐடென்டிட்டி என்று போனால் பெயர், லோகோ, ஒரு வரி விளக்கம் ஆகியவற்றை மாற்றலாம். மெனுவுக்குத் தனி இடம் இருக்கும். அவ்வளவுதான்.

மாற்றியமைக்கக்கூடிய ஹெடர்

இதில் ஒவ்வொரு துண்டையும் நாமே எடுத்து, வேண்டிய இடத்தில் வைக்கலாம். லோகோவை நடுவில் வைக்கலாம். மேலே ஒரு மெல்லிய பட்டை சேர்த்து அதில் முகவரி போடலாம். வலது ஓரத்தில் பட்டன் வைக்கலாம். கீழே தள்ளினாலும் கூடவே வருகிற மாதிரி ஒட்டிவைக்கலாம். படத்தின் மேல் மிதக்கிற மாதிரி பின்னணி நிறமே இல்லாமலும் வைக்கலாம். போனுக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று என்று தனித்தனியாக அமைக்கும் வசதியும் சில தீம்களில் உண்டு.

வேர்ட்பிரஸ்ஸில் 2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பிலிருந்து 'சைட் எடிட்டர்' என்ற வசதி சேர்ந்தது. அதற்கேற்ற பிளாக் தீம் போட்டிருந்தால், அப்பியரன்ஸ் போய் எடிட்டரைத் திறந்து ஹெடரை வீட்டுச் சாமான் நகர்த்துவது மாதிரி இடம் மாற்றலாம். ஹெடரை ஒரே இடத்தில் மாற்றினால், அதைப் பயன்படுத்தும் எல்லாப் பக்கத்திலும் மாறிவிடும். இது வசதி. அதே நேரம், ஒரே இடத்தில் தப்பு செய்தால் எல்லாப் பக்கத்திலும் தப்பு வரும் என்பதையும் ஞாபகம் வைக்கணும்.

ஆக, இரண்டில் எது உசத்தி என்பது கேள்வி இல்லை. நம் தளத்துக்கு வருகிறவர் என்ன செய்ய வருகிறார், அதை யார் பராமரிக்கப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி. அதற்குமுன், அதிக மாற்றங்களுக்கு நாம் கொடுக்கும் விலையைப் பார்த்துவிடலாம்.

விலை 1: திறக்கும் நேரம்

என் தப்பையே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஹெடரில் ஓடிய மூன்று படமும் தலா 1.2 எம்பி. மொத்தம் 3.6 எம்பி. சிக்னல் சுமாராக, நொடிக்கு 2 மெகாபிட் வேகம் கிடைக்கும் இடத்தில் இருப்பவருக்கு, இந்தப் படங்கள் மட்டும் இறங்கவே 14 நொடிக்கு மேல் ஆகும். அதே இடத்தில் 20 கேபி லோகோ மட்டும் இருந்தால் பத்தில் ஒரு நொடிகூட ஆகாது.

ஒரு பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 நொடிக்குள் திரைக்கு வந்தால்தான் நல்ல வேகம் என்பது கூகுளின் 'கோர் வெப் வைட்டல்ஸ்' அளவுகோல். பெரிய படம் வைத்த ஹெடரில் பெரும்பாலும் அந்தப் படமே முக்கியப் பகுதியாகக் கணக்கில் எடுக்கப்படும். அதாவது, நாம் அழகுக்கு வைத்தது நம் தளத்தின் வேகத்தைத் தீர்மானிக்கிறது.

இன்னொன்றும் உண்டு. படம் தாமதமாக வந்து விழும்போது கீழே இருந்த எழுத்தெல்லாம் சடாரென்று இறங்கும். நாம் ஒன்றை அழுத்தப் போக, விரல் இன்னொன்றில் படும். படத்துக்கு அகலம், உயரம் இரண்டையும் முன்கூட்டியே குறித்து வைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

விலை 2: திரையில் இடம்

நம்மில் பலர் வைத்திருக்கும் போனில் திரை அகலம், வெப்சைட் கணக்கில் 360 பிக்சல் அளவுதான். பிரவுசரின் முகவரிப் பட்டை போக, பார்க்கக் கிடைக்கும் உயரம் 640 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். கீழே தள்ளினாலும் கூடவே வரும் ஹெடர் 160 பிக்சல் உயரம் இருந்தால், திரையில் கால் பங்கு எப்போதும் அதற்கே போய்விடும்.

இப்ப ஒருவர் ஆர்டர் படிவத்தை நிரப்பத் தொடங்குகிறார். கீபோர்டு திறந்ததும் திரையில் கிட்டத்தட்ட பாதி மறையும். மீதி 320 பிக்சலில் ஹெடர் 160 எடுத்துக்கொண்டால், எழுதுவதைப் பார்க்க மிஞ்சுவது 160 பிக்சல்தான். முகவரி எழுதுகிற பெட்டியே ஹெடருக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளவும் வாய்ப்பு உண்டு. ஒட்டிவைக்கும் ஹெடர் வேண்டும் என்றால் உயரத்தை 60 பிக்சல் அளவில் நிறுத்துங்கள். பெயரும் ஒரு பட்டனும் வைக்க அது தாராளம்.

விலை 3: பராமரிப்பு

மாற்றியமைத்த ஹெடர் ஒரு தீமையோ பிளகினையோ நம்பித்தான் நிற்கும். தீமை மாற்றினால் அந்த ஹெடர் அப்படியே கூட வராது. பெரும்பாலும் திரும்ப அமைக்கணும். அப்டேட் வரும்போது சில நேரம் இடம் மாறி நிற்கும். அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் குழுவில் இருக்கிறாரா? வெளியூர் வேலைக்குப் போன பையன் கட்டிக்கொடுத்த தளம் என்றால், அவன் லீவுக்கு வரும்வரை காத்திருக்க முடியுமா? சித்தியின் குழுவில் இருந்த பிரச்சினை இதுதான். நம்பரை மேலே கொண்டுவர அவர்களுக்கு எங்கே கை வைக்கணும் என்றே தெரியவில்லை. நான் ஊருக்குப் போகவே மூன்று வாரம் ஆனது.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம்

பல தீம்கள் ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. தமிழில் போடும்போது மூன்று இடத்தில் இடறும்.

ஒன்று, நீளம். ஆங்கிலத்தில் சின்னதாக முடியும் மெனுச் சொல் தமிழில் "எங்களைப் பற்றி", "தொடர்புகொள்ள" என்று நீளும். ஐந்து மெனு ஒரே வரியில் நிற்காமல் இரண்டாவது வரிக்கு இறங்கிவிடும். அதனால் சொற்களைச் சுருக்குங்கள். "எங்கள் தயாரிப்புகள்" என்பதை "பொருட்கள்" என்றும், "எங்களைத் தொடர்புகொள்ள" என்பதை "தொடர்புக்கு" என்றும் எழுதலாம்.

இரண்டு, உயரம். கி, கீ போன்றவற்றின் மேல்வளைவும் கூ, மூ போன்றவற்றின் கீழ்ச்சுழியும் நறுக்கிவிட்டது மாதிரி தெரியலாம். வரி உயரத்தைக் கொஞ்சம் கூட்டினால் சரியாகும். எழுத்துருவுக்கு 'நோட்டோ சான்ஸ் தமிழ்' மாதிரி கட்டணமில்லாத யூனிகோடு எழுத்துருவைப் பயன்படுத்தலாம்.

மூன்று, படத்துக்குள் எழுத்து. நான் செய்த அதே தப்பு. பெயரைப் படத்துக்குள் அலங்காரமாக எழுதிவிட்டால், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் செயலிக்கு அது வெறும் படம். தேடுபொறிக்கும் பெயர் சரியாகப் போய்ச் சேராது. பெயரை உண்மையான எழுத்தாகவே வையுங்கள். லோகோ படம் வைத்தால், அதற்கான மாற்று உரைப் பெட்டியில் குழுவின் பெயரைத் தட்டச்சு செய்யுங்கள். தமிழ்நாடு அரசு 2010-ஆம் ஆண்டிலேயே யூனிகோடைத் தமிழுக்கான தரமாக ஏற்றுக்கொண்டது. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பெயரை அப்படியே ஒட்டினால், பலர் போனில் புரியாத குறிகளாகத்தான் தெரியும்.

எல்லோரும் பயன்படுத்தும்படி இருக்கணும்

வெப்சைட்டை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கு உலக அளவில் ஒரு வழிகாட்டி உண்டு. டபிள்யூ3சி என்ற அமைப்பு வெளியிடும் டபிள்யூசிஏஜி. அதன் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. ஹெடருக்குப் பொருந்தும் சில விதிகளை மட்டும் பார்க்கலாம்:

• எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்கணும். பெரிய எழுத்தாக இருந்தால் 3-க்கு 1 போதும். வெள்ளையில் கறுப்பு எழுத்து 21-க்கு 1; அதுதான் உச்சம். மஞ்சளில் வெள்ளை எழுத்து போட்டால் வெயிலில் நின்று பார்ப்பவருக்கு ஒன்றுமே தெரியாது.
• அழுத்தும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல். இன்னும் உயர்ந்த தரத்தில் 44-க்கு 44 கேட்கிறார்கள். வயதானவர்கள் நிறைய வரும் தளம் என்றால் 44-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள்.
• மெனுவின் வரிசை எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி இருக்கணும். உதவிக்கான போன் நம்பர் பல பக்கங்களில் வந்தால், அதுவும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே இடத்தில் வரணும்.
• ஒட்டிவைத்த ஹெடர், கீபோர்டு வழியே நகர்பவர் நிற்கும் இடத்தை முழுக்க மறைத்துவிடக் கூடாது.

படத்தின் மேல் பின்னணி இல்லாமல் மிதக்கும் ஹெடர் முதல் விதியிலேயே அடிக்கடி தோற்கும். கருப்பட்டிப் படத்தின் மேல் வெள்ளை எழுத்து நன்றாகத் தெரியும். அடுத்த படம் வானம் என்றால் எழுத்து காணாமல் போகும்.

அரசுத் தளங்களின் மேல்பகுதியைக் கவனித்திருக்கிறீர்களா? முதன்மை உள்ளடக்கத்துக்குச் செல்லும் இணைப்பு, எழுத்தைப் பெரிதாக்கும் வசதி, மொழி மாற்றம், அரசு முத்திரை, துறையின் பெயர் என்று ஒரே ஒழுங்கில் பல தளங்களில் வரும். இந்திய அரசு வலைத்தளங்களுக்கான ஜிஐஜிடபிள்யூ என்ற வழிகாட்டி 2009-இல் முதலில் வந்தது, அதன் 3.0 பதிப்பு 2023-இல் வந்தது. ஒரு துறையின் தளத்தைப் பயன்படுத்திப் பழகியவர் இன்னொரு துறையின் தளத்திலும் தடுமாறக் கூடாது என்பதே இந்த ஒழுங்கின் பயன். நம் சின்னத் தளத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். புதுமை காட்டுவதைவிட, வருபவருக்குப் பழகிய இடத்தில் பழகிய பொருளை வைப்பது நல்லது.

முத்திரை விஷயத்தில் எச்சரிக்கை

"அரசுத் தளம் மாதிரி இருந்தால் நம்பிக்கை வரும்" என்று நினைத்து, சிலர் தங்கள் தனியார் சேவைத் தளத்தின் ஹெடரில் அரசு முத்திரையை வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அரசு முத்திரைகளை அனுமதியின்றித் தொழிலுக்கும் வணிகத்துக்கும் பயன்படுத்துவதை 1950-ஆம் ஆண்டின் சின்னங்கள் மற்றும் பெயர்கள் சட்டம் தடுக்கிறது. இந்திய அரசு முத்திரையை அரசுக்குத் தொடர்புடையது என்ற எண்ணம் வரும்படி பயன்படுத்துவதை 2005-ஆம் ஆண்டின் அரசு முத்திரைச் சட்டம் தடுக்கிறது.

பயன்படுத்துபவராகவும் இதிலிருந்து ஒன்று தெரிந்துகொள்ளணும். ஹெடரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் மாற்றியமைக்கலாம். ஆகவே ஹெடரில் முத்திரையைப் பார்த்து மட்டும் ஒரு தளத்தை நம்பாதீர்கள். சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் முன், பணம் கட்டும் முன், பிரவுசரின் முகவரிப் பட்டையைப் பாருங்கள். அரசின் தளங்கள் பொதுவாக 'ஜிஓவி டாட் இன்' அல்லது 'நிக் டாட் இன்' என்று முடியும். போலித் தளத்தில் பணத்தை இழந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

எனக்கு எது சரி? ஐந்து கேள்விகள்

ஒரு தாளை எடுத்து ஆம், இல்லை என்று எழுதுங்கள்.

1. உங்கள் தளத்தில் ஏழு, எட்டுப் பக்கத்துக்கு மேல் இருக்குமா?
2. வருபவர்கள் லாகின் செய்யணுமா, அல்லது கூடையில் சேர்த்துப் பொருள் வாங்கணுமா?
3. தமிழ், ஆங்கிலம் என இரண்டு மொழியில் முழுத் தளமும் இருக்குமா?
4. ஒன்றுக்கு மேற்பட்ட கிளைகள் உண்டா, ஒவ்வொன்றுக்கும் தனி நம்பர் உண்டா?
5. ஆறு மாதம் கழித்து ஹெடரில் ஒன்று உடைந்தால், சரிசெய்யத் தெரிந்தவர் உங்கள் கூடவே இருக்கிறாரா?

முதல் நான்குக்கும் 'இல்லை' என்றால் எளிய ஹெடரே போதும். யோசிக்கவே வேண்டாம். முதல் நான்கில் இரண்டு 'ஆம்' இருந்து, ஐந்தாவதும் 'ஆம்' என்றால் மாற்றியமைக்கும் ஹெடருக்குப் போகலாம். தேவை இருந்தும் ஐந்தாவது 'இல்லை' என்றால், எளிய ஹெடரில் தொடங்குங்கள். பராமரிக்க ஆள் கிடைத்தபின் மாற்றிக்கொள்ளலாம்.

இது என் அனுபவத்தில் வந்த கணக்கு, சட்டம் இல்லை. சில உதாரணங்களோடு பொருத்திப் பார்ப்போம்.

தையற்கடை, பலகாரக் குழு, நலச் சங்கம்: மூன்று நான்கு பக்கம், ஒரு போன் நம்பர். எளிய ஹெடர். கூகுள் சைட்ஸ் என்றால் 'பேனர்' அல்லது 'டைட்டில் ஒன்லி'. பண்டிகை நேரத்தில் "ஆர்டர் இந்தத் தேதிவரை மட்டும்" என்று சொல்லணுமா? ஹெடரைத் தொடாமலே, செட்டிங்ஸில் இருக்கும் அறிவிப்புப் பட்டையைப் பயன்படுத்தலாம். பண்டிகை முடிந்ததும் அணைத்துவிடலாம்.

மூன்று ஊரில் கிளை உள்ள பயிற்சி மையம்: மாற்றியமைக்கும் ஹெடர் உதவும். ஆனால் ஒரு மேல்பட்டை, ஒரு மெனு வரி, ஒரு பட்டன் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளணும்.

ஐம்பது அறுபது பொருள் விற்கும் கடை: தேடல் பெட்டியும் கூடையும் ஹெடரிலேயே இருக்கணும். இங்கே மாற்றியமைக்கும் ஹெடர் தேவை.

மூன்று கோடு மெனு பற்றி ஒரு வார்த்தை

ஹாம்பர்கர் மெனு என்று இதைச் சொல்வார்கள். 1981-இல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் என்ற வடிவமைப்பாளர் வரைந்த குறி இது. போனில் இடத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மூன்று கோடு ஒரு பட்டன் என்பதே தெரியாதவர்கள் நம் வீட்டிலேயே இருப்பார்கள். மூன்றே மெனு என்றால் மறைக்க வேண்டாம், வெளியே வையுங்கள். மறைத்தே ஆகணும் என்றால் பக்கத்தில் "மெனு" என்று தமிழில் எழுதுங்கள். போன் நம்பரை மட்டும் எக்காரணத்துக்கும் உள்ளே போடாதீர்கள்.

நம்பரைத் தொட்டதும் அழைப்பு போகும்படி வைப்பதும் எளிதுதான். வேர்ட்பிரஸ்ஸில் பட்டனுக்கு லிங்க் போடும் இடத்தில், ஆங்கிலத்தில் 'டெல்' என்ற மூன்று எழுத்தும் அதன்பின் முக்காற்புள்ளியும் போட்டு, பிளஸ் 91 சேர்த்து இடைவெளி இல்லாமல் நம்பரை எழுதினால் போதும்.

வெளியிடும் முன் போனில் சோதியுங்கள்

தளத்தைக் கணினியில் கட்டலாம். சோதனையைக் கண்டிப்பாகப் போனில் செய்யுங்கள்.

• வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். ஐந்து எண்ணுவதற்குள் பெயர் வந்ததா?
• வெளியே வெயிலில் நின்று பாருங்கள். மெனு எழுத்து தெரிகிறதா?
• போனின் எழுத்து அளவைப் பெரிதாக்குங்கள். மெனு ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறதா?
• ஒரு கையில் போனைப் பிடித்து, கட்டைவிரலால் பட்டனை அழுத்துங்கள். சரியாகப் படுகிறதா?
• படிவத்தில் எழுதிப் பாருங்கள். கீபோர்டு வந்ததும் பெட்டி மறைகிறதா?
• கடைசியாக, தளத்தை இதுவரை பார்க்காத ஒருவரிடம் போனைக் கொடுத்து, "இவங்களுக்கு ஒரு போன் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். வாயைத் திறக்காமல் பாருங்கள். அவர் தடுமாறும் இடம்தான் நீங்கள் மாற்றவேண்டிய இடம்.

கடைசிச் சோதனை ஒன்றை மட்டுமாவது நான் அன்றைக்குச் செய்திருந்தால் அந்த ஆர்டர் போயிருக்காது.

சித்தியின் தளத்தில் இப்ப என்ன இருக்கு?

ஊருக்குப் போனதும் படங்களை எடுத்துவிட்டேன். தீமோடு வந்த எளிய ஹெடரையே வைத்தேன். இடது பக்கம் குழுவின் பெயர் எழுத்தாகவே. வலது பக்கம் "போன் செய்ய" என்று ஒரே பட்டன். கீழே "பொருட்கள், விலை, தொடர்புக்கு" என்று மூன்று மெனு. பனைமரப் படங்களில் ஒன்றை மட்டும் அளவைக் குறைத்து, முதல் பக்கத்தில் கீழே போட்டேன். நம்பரையும் பெயரையும் மாற்ற எங்கே போகணும் என்று குழுவில் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்து, அதை ஒரு நோட்டிலும் எழுதி வைத்தோம்.

சித்தி அவருடைய போனில் திறந்து பார்த்தார். கண்ணாடியைத் தேடவில்லை. பட்டனை அழுத்தினார்; பக்கத்தில் இருந்தவர் கையில் குழுவின் போன் அடித்தது. "இது போதும்யா. படம் ஓடலைன்னா என்ன, கூப்பிட்டா நாங்க எடுப்போம்ல" என்றார்.

நீங்களும் தளம் கட்ட உட்காரும்போது, எந்த ஹெடர் அழகு என்று பார்க்கும் முன் வருபவர் முதலில் எதைத் தேடுவார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அது மேலேயே, ஒரே தொடுதலில் கிடைக்கிறதா? கிடைத்தால், நீங்கள் வைத்திருக்கும் ஹெடர் எதுவானாலும் சரியானதுதான்.